மைத்தாரை அச்சுப்பொறியின் நுண்டுளைகள்: அவற்றின் கண்காணிப்பும் பேணுகையும்

கணினியிலே பிழையற அமைக்கப்பெற்ற பக்கமொன்று தாளிலே பிழையுற்று வெளிப்படுதல் இக்காலத்து அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் அடிக்கடி காணப்படும் நிகழ்ச்சியாகும். கரிய பரப்பொன்றின் குறுக்கே மயிரிழை போன்ற வெண்கோடு ஓடுகின்றது. நீலமாய்த் தோன்றவேண்டிய வானம் செம்மை படர்ந்து தோன்றுகின்றது. எழுத்துக்களின் விளிம்பு அரித்தாற்போலக் கிடக்கின்றது. இவற்றைக் காண்போர் மையைக் குறை கூறுவர். தாளைக் குறை கூறுவர். சிலர் பொறியையே மாற்றிவிடுவர். குற்றமோ பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகாத ஒரு சிறு துளையின்கண் உள்ளது. தொழிலாளர் அதனை நொசில் என்று வழங்குவர். ஈண்டு அது நுண்டுளை எனப்படும்.

இஃது அழகு பற்றிய சிறு குறையன்றோ, இதனைப் பொருட்படுத்துவானேன் என்று கருதுதல் தகாது. கணித வினாத்தாள் ஒன்றில் 2.5 என்னும் எண்ணின் தசமப் புள்ளி அரை மில்லிமீற்றரினும் சிறியது. நுண்டுளை ஒன்று ஓய்ந்தால் அப்புள்ளி மறைந்துவிடாது. அடுத்தடுத்துப் பல ஓய்ந்துவிடின் மறையும். மறைந்தவழி மாணவன் காண்பது 25 என்னும் எண்ணையே. தமிழெழுத்தின் மெய்ப்புள்ளிக்கும் இதே கதி நேரும். 'கல்' என்பது 'கல' என நிற்கும். இவற்றினும் கொடியது பொதிகளின்மேல் அச்சிடப்படும் காலாவதித் திகதியிலே நிகழக்கூடியது. பெட்டிகளின்மேற் பெரிய எழுத்துக்களைப் பொறிக்கும் சில பொறிகளில் ஏழு துளைகளே ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. ஒவ்வோர் இலக்கமும் ஏழு வரிசைப் புள்ளிகளால் ஆகின்றது. நடுவரிசைக்குரிய துளை அடைபடின் 8 என்னும் இலக்கத்தின் இடை அறுந்துபோக, அது 0 போலத் தோன்றும். அதனைப் படிப்பவர் பொறியைக் கண்டவரல்லர். தாம் காண்பதையே நம்புவர்.

பட்டைக் குறியீட்டின் நிலை சற்று வேறானது. வெண்கோடு பட்டைகளுக்குக் குறுக்கே ஓடுமாயின் தீங்கில்லை; படிக்கும் கருவி பட்டையின் வேறோரிடத்தைக் கடந்து சென்று குறியீட்டைச் சரியாகவே அறியும். கோடு பட்டைகளுக்கு இணையாக ஓடுமாயின், அகன்ற பட்டை ஒன்று இரு சிறு பட்டைகளாகப் பிளவுண்டு குறியீடு முழுவதும் கெடும். ஒரே பழுது, பக்கத்தை அச்சிடும் திசை மாறுவதால் மட்டும், பொருட்படுத்தத் தகாததாகவோ பேரிழப்பாகவோ அமைகின்றது. பட்டைக் குறியீடு அச்சிடுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

மெல்லிய நீர்த்தாரை துளிகளாக உடைதல் நெடுங்காலமாக இயற்பியலாரின் கருத்தைக் கவர்ந்த பொருளாகும். பிரான்சிலே சவார் என்பார் 1833ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து எழுதினார். இறேலிப் பிரபு 1878ஆம் ஆண்டில், தாரையின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய நாலரை மடங்கு நீளமுள்ள அலையே விரைவாக வளர்ந்து அதனைத் துளிகளாக்கும் எனக் கணித்துக் காட்டினார். அதற்கு முன்னரே, பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தொம்சன், கடலடித் தந்திச் செய்திகளைப் பதிவு செய்தற்கு, மின்னேற்றப்பட்ட மை நுண்குழாயினின்றும் தாளைத் தொடாது தெறித்து விழும் கருவியொன்றை அமைத்து 1867ஆம் ஆண்டிற் பொருளுரிமை பெற்றிருந்தார். சுவீடன் நாட்டு றூன் எல்ம்குவிஸ்ற் 1951ஆம் ஆண்டில் மைத்தாரைப் பதிகருவிக்கு அமெரிக்கப் பொருளுரிமை பெற்றார். 1958ஆம் ஆண்டில் மனித உடலினுட் பொருத்தப்பட்ட முதலாவது இதயமுடுக்கியை ஆக்கியவரும் அவரே.

வேண்டும்போது மட்டும் வேண்டிய துளியை வீசும் பொறிகள் பின்னர் வந்தன. துளியை வீசுதற்கு இருவேறு வழிகள் கைக்கொள்ளப்பட்டன. ஒன்று வெப்பவழி. 1977ஆம் ஆண்டில் யப்பானின் கனன் நிறுவனத்து ஆய்வாளரான இச்சிரோ எண்டோ, மை நிறைந்த ஊசியின்மேற் சூடான பற்றாசுகோல் தற்செயலாகப் பட்டபோது ஊசிமுனையினின்றும் மை தெறித்ததைக் கண்டு இவ்வழியைப் பற்றினார் என்பர். அமெரிக்காவில் ஹியூலெற் பக்காட் நிறுவனத்தாரும் தனியே இம்முடிவை எய்தினர். 1984ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட திங்க்ஜெற் என்னும் பொறியில் நுண்டுளைகள் பன்னிரண்டே இருந்தன. மற்றையது அழுத்தமின் வழி. சில பளிங்குகளை அழுத்தின் மின் தோன்றும் என்பதைக் கியூரி சகோதரர் 1880ஆம் ஆண்டிற் கண்டனர். அதன் மறுதலையாக, மின் ஏற்றின் அத்தகைய பொருள் உருமாறும். அவ்வுருமாற்றம் மைக்கால்வாயின் சுவரை நெரிக்க, துளியொன்று வெளியே பாய்கின்றது. எப்சன் நிறுவனத்தார் பற்றிய வழி இதுவாகும்.

இவ்விரு வழிகளும் பேணுகை பற்றி இருவேறு கொள்கைகளைப் பிறப்பித்தன என்பது கருதத்தக்கது. வெப்பவழித் தலை மலிவாகச் செய்யத்தக்கது. ஆதலால் அதனை மைக்கலத்தோடு ஒன்றாகப் பிணைத்து, மை தீர்ந்ததும் தலையையும் எறிந்துவிடச் செய்தனர்; துளை பழுதுறுமுன்னரே அதன் ஆயுள் முடிந்துவிடும். அழுத்தமின் தலையோ விலையுயர்ந்தது, பொறியோடு நிலையாகப் பொருத்தப்படுவது, ஆண்டுக்கணக்கில் உழைக்கவேண்டுவது. இன்று மைத்தொட்டி கொண்ட பொறிகள் பரவியபின் எறிந்துவிடும் கொள்கை தளர்ந்துள்ளது. மையை ஊற்றி ஊற்றிப் பயன்கொள்ளும் பொறியிலே தலையைக் காப்பாற்றும் பொறுப்பு உடையவரையே சாரும். மலிவான மை வாங்கியவர் பலர் இப்பொறுப்பையும் சேர்த்து வாங்கியதை உணர்வதில்லை.

நுண்டுளையின் விட்டம் பெரும்பாலும் 20 மைக்ரோமீற்றர் அளவினது. மனிதரின் தலைமயிர் ஒன்றின் தடிப்பில் மூன்றிலொன்று அல்லது நான்கிலொன்று எனலாம். அதனின்றும் வரும் துளி சில பிக்கோலீற்றர் கனவளவினது. 4 பிக்கோலீற்றர்த் துளி ஏறக்குறைய 20 மைக்ரோமீற்றர் விட்டமுடைய உருண்டையாகும். ஒரு மில்லிலீற்றர் மையில் இத்தகைய துளிகள் 25 கோடி அடங்கும். துளி செக்கனுக்கு 5 தொடக்கம் 10 மீற்றர் வரையான வேகத்திற் பாய்ந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் இடைவெளியைக் கடந்து தாளிற் படிகின்றது. ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் இடும் பொறியில் அடுத்தடுத்த புள்ளிகளிடைத் தூரம் 42 மைக்ரோமீற்றர் மட்டுமே. துளி ஒரு பாகை சாய்ந்து பாய்ந்தாலும் ஒரு மில்லிமீற்றர் தொலைவில் 17 மைக்ரோமீற்றர் விலகிவிடும். அஃதாவது புள்ளியிடைத் தூரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. ஆகவே அடைபட்ட துளையே குற்றம் செய்வது என்று எண்ணற்க. கோணிப் பாயும் துளையும் ஒருபுறம் வெண்கோட்டையும் மறுபுறம் கருங்கோட்டையும் உண்டாக்கும்.

துளை கீழ்நோக்கித் திறந்திருக்கவும் மை ஒழுகாதிருப்பது எவ்வாறு என வாசகர் வினவலாம். துளைவாயில் மையின் மேற்பரப்பு உட்குழிந்து ஒரு பிறைபோல நிற்கின்றது. மைக்கலத்தின் அமுக்கம் வளியமுக்கத்திலும் சிறிது குறைவாக, சில சென்ரிமீற்றர் நீர்மட்ட வேறுபாட்டளவில், வைக்கப்பட்டிருப்பதால் மை வெளியே வருவதில்லை. நுண்ணிய துளையில் மேற்பரப்பிழுவை மிக வலிது. அது பிறையைப் பற்றி நிற்பதால் வளி உள்ளே புகுவதுமில்லை. இச்சமநிலையே பொறியின் உயிர்நிலை. நுண்டுளைக்கு வரும் பழுதுகளிற் பல இச்சமநிலை குலைவதால் வருவனவே.

அவற்றுள் முதலாவது உலர்தல். மையின் பெரும்பகுதி நீர். திறந்த துளைவாயில் நீர் ஆவியாகச் சில செக்கன்களிலேயே அவ்விடத்து மை தடிக்கத் தொடங்கும். இதனைத் தாமதிக்கச் செய்தற்கே கிளிசரோல் முதலிய ஈரம் காக்கும் பொருள்களை மையிற் சேர்க்கின்றனர். நீண்ட நாள் திறந்து கிடப்பின் நிறப்பொருள் இறுகி ஆப்பறைந்தாற்போலத் துளையை அடைத்துவிடும்.

இரண்டாவது வளிக்குமிழி. அழுத்தமின் பொறியிற் சுவர் நெரியும்போது மையின் அமுக்கம் உயர்ந்து துளி பிறக்கவேண்டும். கால்வாயினுள் ஒரு குமிழி இருப்பின் அது பஞ்சுபோலச் சுருங்கி அவ்வமுக்கத்தை விழுங்கிவிடும். மை நிறைந்திருந்தும் துளி பிறவாது. நெதர்லாந்தின் துவெந்தே பல்கலைக்கழகத்தாரும் ஓசே என்னும் அச்சுப்பொறி நிறுவனத்தாரும் கூடி ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்டவை இப்பழுதின் தோற்றத்தைத் தெளிவாக்கின. துளைத்தட்டின்மேற் படிந்த மைப்படலமோ நுண்டூசியோ துளிபிறப்பைக் குழப்ப, அக்குழப்பத்தின்போது வளி உள்ளே சிக்கிக்கொள்கின்றது. தொடர்ந்து இயக்கின் குமிழி வளர்கின்றது. ஓய்வு கொடுப்பின் அது மையிற் கரைந்து மறையவும் கூடும். இவ்வுண்மை பின்னர்ப் பயன்படும்.

தாளின் நாரும் தூசியும் துளைவாயில் ஒட்டுதல், துளைத்தட்டில் மை படர்ந்து துளியை ஒருபக்கம் இழுத்தல் என்பன துளியைக் கோணச் செய்யும். வெப்பவழிப் பொறிக்குத் தனியாக ஒரு நோய் உண்டு. அதன் வெப்பத்தகடு ஒரு செக்கனின் பத்து இலட்சத்திற் சில பங்கு நேரத்துள் 300 பாகை சதம அளவை எய்தி மையைக் குமிழியாக்குகின்றது. அவ்வெப்பத்தில் மையின் சிறு பகுதி கருகித் தகட்டிற் படியும். படியப்படியத் துளி மெலியும். யப்பானியர் சோறு கருகிப் பிடித்தலைக் குறிக்கும் தம் சொல்லையே இதற்குப் பெயராக்கினர். நம்மவர் அடுக்களையில் 'அடிப்பிடித்தல்' என்பதும் இதுவேயன்றோ? மை தீர்ந்தபின்னும் வெப்பவழிப் பொறியை இயக்குதல் தகட்டுக்குக் கேடு. குளிர்விக்க மையில்லாத தகடு எரிந்துவிடும். வெண்மைக்குரிய நோய் வேறு. அதன் நிறப்பொருளாகிய தைற்றேனியம் ஈரொட்சைட்டு நீரைப்போல் நான்கு மடங்கு அடர்த்தியுடையது. அசையாது நின்றால் அடியிற் படியும். ஆதலால் வெண்மையைப் பயன்படுத்தும் பொறிகளில் அது இடைவிடாது சுற்றியோட விடப்படுகின்றது.

இனி, ஆயிரக்கணக்கான துளைகளுள் எது பழுதுற்றது என்று அறிவது எவ்வாறு? எளிய வழி துளைச் சோதனைத் தாள். இதில் ஒவ்வொரு துளையும் தனக்கென ஒரு சிறு கோட்டை இடுகின்றது. கோடுகள் படிக்கட்டுப்போல ஒன்றன்பின் ஒன்று சற்றே விலகி அமைகின்றன. எல்லாத் துளைகளும் ஒரேயிடத்தில் இட்டால் ஒன்றன் குறையை மற்றது மறைக்கும். படிக்கட்டாக விலக்கியதன் நோக்கம் மறைப்பை நீக்குதலே. படி ஒன்று இல்லையெனில் அத்துளை ஓய்ந்தது. படி இடம்பெயர்ந்திருப்பின் அத்துளை கோணுகின்றது. பலர் இல்லாத படியை மட்டும் தேடிவிட்டு இடம்பெயர்ந்த படியைக் காணாது விடுகின்றனர். மஞ்சள் நிறத்துப் படிகளை வெண்தாளிற் காண்பது அரிது. மஞ்சள் மை நீல ஒளியை உறிஞ்சுவது. ஆதலால் நீலநிறக் கண்ணாடித்தாள் ஒன்றினூடாக நோக்கின் அப்படிகள் கருமையாய்த் தெளிவுறும். செலவற்ற இவ்வுபாயத்தை அறிந்தோர் சிலரே.

தாளைச் செலவிடாது அறியும் வழிகளும் உள. தலையின் முன்னே ஒளிக்கதிர் ஒன்றைச் செலுத்தி, துளி அதனைக் கடக்கும்போது ஒளி மாறுவதை ஒளியுணரி கொண்டு அறிதல் ஒன்று. இவ்வழியில் துளைகள் முறைமுறையாக வீசவேண்டியிருப்பதால் காலம் செல்லும். அச்சிடுதலும் இடையே நிற்கும். பெருந்தொழிற் பொறிகளில் தாள் ஓடும்போதே படக்கருவி அதனை நோக்கிக்கொண்டிருக்கும்.

மிக நுட்பமான வழி அழுத்தமின் பொறிக்கே உரியது. சந்தையிலே பானை வாங்குவோர் விரலால் தட்டி ஓசை கேட்டு, கீறல் உளதா இலதா என்று துணிவர். அதுபோல, துளியை வீசியபின் கால்வாயிலுள்ள மை சிறிது நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அவ்வதிர்வு அதே அழுத்தமின் பொருளை நெரிக்க, அதிற் சிறு மின் தோன்றும். தட்டிய கையே கேட்கும் செவியுமாகின்றது. நலமான கால்வாயின் அதிர்வு ஒருவிதம். குமிழியுள்ள கால்வாயின் மீடிறனும் வீச்சும் வேறுவிதம். மை தடித்த கால்வாயின் அதிர்வு விரைவில் தணிந்துவிடும். துளி பிறவாத்தன்மையை மட்டுமன்றி அதன் காரணத்தையும் இவ்வழி கூறுகின்றது. சோதனைத் தாளோ காரணத்தைக் கூறாது. உலர்ந்த துளையும் குமிழி புகுந்த துளையும் அதில் ஒரேவிதமான வெற்றிடமாகவே தோன்றும்.

காரணம் தெரியாத நிலையிற் செய்யப்படும் துப்புரவே வீட்டுப் பொறிகளுக்குப் பெருங்கேடு விளைக்கின்றது. பொறியின் ஓரத்தில் ஒரு பேணுநிலையம் உண்டு. தலை ஓய்ந்திருக்கும்போது இறப்பர் மூடி துளைத்தட்டை மூடி ஈரம் காக்கும். இறப்பர் நாக்கொன்று தட்டைத் துடைக்கும். உறிஞ்சி துளைகளின்வழி மையை இழுத்து அடைப்பையும் குமிழியையும் அகற்றும். இடையிடையே துளைகள் பழைய மையை ஒரு கலத்தில் உமிழும். அக்கலத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர், நம் பாட்டனார் வெற்றிலைச் சாறு உமிழ்ந்த படிக்கத்தின் பெயரே. அச்சிடாத துளையிலும், துளி பிறவாத அளவுக்கு மைப்பிறையை மெல்ல அசைத்து உலராது வைக்கும் பொறிகள் உள.

துப்புரவுக் கட்டளை இட்டும் வெண்கோடு நீங்காவிடின் மீண்டும் மீண்டும் அதே கட்டளையை இடுவது பலர் வழக்கம். ஒவ்வொரு முறையும் நல்ல துளைகளின் வழியாகவே மை மிகுதியாக ஓடும். அடைபட்ட துளை எதிர்ப்பு மிகுந்தது. இரண்டு மூன்று முறைக்குமேற் பயன் கிட்டாவிடின் பொறியை நிறுத்திச் சில மணிநேரம் விட்டுவிடுமாறு ஆக்கியோர் தம் கைந்நூல்களிற் கூறுவர். இதனைச் சோம்பலின் அறிவுரையாகக் கருதுவோர் உளர். முன்கூறிய குமிழியின் இயல்பை நோக்கின் அதன் நியாயம் புலப்படும்: ஓய்வில் குமிழி கரைகின்றது; மூடியின் ஈரத்தில் இறுகிய மையும் சிறிது இளகுகின்றது. ஊசியாற் குத்துதலும், ஊசிக்குழாயால் நீரை வலிந்து செலுத்துதலும், கையிற் கிடைத்த கரைப்பானை ஊற்றுதலும் தவறு. துளைவாயின் விளிம்பிற் கீறல் வீழ்ந்தால் துளி என்றென்றைக்கும் கோணும்; துளைத்தட்டின் மைவிலக்கும் பூச்சு கரைந்தால் மை படர்வது நிலையாகும்.

பொறியைச் சுவர் ஆளியால் நிறுத்துதல் மற்றொரு தவறு. பொறியின் சொந்தப் பொத்தானை அழுத்தினால் தலை தன் இருப்பிடம் சென்று மூடியின்கீழ் அமர்ந்தபின்னரே மின் நிற்கும். அச்சிடும் நடுவே மின் அற்றால் தலை நின்றவிடத்தே திறந்த வாயோடு நிற்கும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து இறுதியில் இலங்கையிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியது. அத்தகைய நாளில் இடைநடுவில் நின்ற தலை பாதிநாளுக்கு மேல் வெப்பக் காற்றில் திறந்து கிடக்கும். மின் மீண்டவுடன் பொறியை இயக்கித் தலையை மூடியின்கீழ்ச் சேர்ப்பித்தல் முதற் கடமை. பாடசாலைப் பொறிக்கு இன்னோர் இடர் தவணை விடுமுறை. வாரக்கணக்கில் தீண்டப்படாத பொறி, தவணை தொடங்கிப் பல நூறு தாள் வேண்டப்படும் நாளிலேயே பழுதைக் காட்டும். விடுமுறையில் வாரம் ஒருமுறை எல்லா நிறங்களும் அமைந்த ஒரு பக்கத்தை அச்சிடுதற்கு ஆகும் மை, பின்னர்த் துப்புரவில் ஓடும் மையினும் மிகக் குறைவு.

தலை தாளின்மேற் பலமுறை சென்று வரும் பொறிகளில் ஒரு துளையின் குறையை மற்றொரு துளை நிரப்பும். உயர்தர அச்சில் வெண்கோடு குறைவதற்கும், விரைவு அச்சில் மிகுவதற்கும் காரணம் இதுவே. பக்கத்தின் அகலம் முழுவதும் துளைகள் நிலையாய் நிற்க, தாள் ஒருமுறை மட்டும் ஓடும் பொறிகளுக்கு இவ்வாய்ப்பில்லை. ஹியூலெற் பக்காட் நிறுவனம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட அத்தகைய அலுவலகப் பொறியில் 42,240 துளைகள் இருந்தன. பதினாயிரத்துக்கு ஒன்று ஓய்ந்தாலும் நான்கு துளைகள் ஓய்ந்தனவாம். ஆகவே ஓய்ந்த துளையைக் கண்டறிந்து, அதன் இருபுறத்துத் துளைகளையும் சற்று மிகுதியாக மை வீசச் செய்து இடைவெளியை மறைக்கின்றனர். அயலாரின் உழைப்பால் மறைக்கப்படும் இக்குறை கண்ணுக்குப் புலப்படாது. எனினும் அடுத்தடுத்து இரு துளைகள் ஓய்ந்தால் இவ்வுபாயம் பெரிதும் தோற்கும்.

துப்புரவில் உறிஞ்சப்பட்ட மை எங்குச் செல்கின்றது என்பதை உடையவர் பலர் நினைப்பதில்லை. அது பொறியின் அடியிலுள்ள உறிஞ்சுமெத்தை ஒன்றிற் சேர்கின்றது. எவ்வளவு மை சேர்ந்தது என்பதைப் பொறி கணக்கிட்டுக்கொண்டே இருந்து, மெத்தை நிரம்பியதாக மதிக்கும் நாளில் அச்சிட மறுக்கும். தலை நலமாயிருக்கவும் பொறி நின்றுவிட்டதே என்று வியப்போர், நாள்தோறும் தேவையின்றித் துப்புரவுக் கட்டளை இட்டவராகப் பெரும்பாலும் இருப்பர். சில பொறிகளில் இம்மெத்தையை உடையவரே மாற்றலாம். ஏனையவற்றில் திருத்துநரிடம் கொண்டுசெல்லவேண்டும். வாங்குமுன் இதனைக் கேட்டறிதல் நன்று.